இலை சுருட்டும் நெல்லுக்குக் குட்டைத் தண்ணீரை எப்போது விடுவது?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் 2 ஏக்கரில் அண்ணா 4 நெல்லைப் புழுதியில் விதைத்திருக்கிறேன். முளைத்து 40 நாள் ஆகிறது. கடைசி மழை பெய்து 14 நாள். மதியத்தில் இலையெல்லாம் ஊசி மாதிரி சுருண்டு நிற்கிறது. பண்ணைக்குட்டையில் பாதி அளவு தண்ணீர் கிடக்கிறது, ஒரு தடவை நனைக்கலாம். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆனால் வாயில் வைத்தால் உவர்க்கிறது. இப்போதே இறைத்துவிடவா? வாங்கி வைத்த யூரியாவைப் போட்டால் பயிர் தெளியுமா?

பதில்: இன்றைக்கு இறைக்க வேண்டாம், யூரியாவும் வேண்டாம். நாளைக் காலை 6 மணிக்கு வயலில் போய் இலையைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு முடிவு செய்யுங்கள்.

மதியம் இலை சுருள்வதைப் பார்த்தால் வயிறு கலங்கத்தான் செய்யும். ஆனால் அது பயிர் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. நெல் இலையின் மேல்பக்கத்தில் நீர் நிரம்பிய பெரிய செல்கள் வரிசையாக இருக்கின்றன. ஈரம் குறையும்போது முதலில் தளர்வது அவைதான். அவை தளர்ந்ததும் இலை உள்பக்கமாகச் சுருளும். வெயிலும் காற்றும் படுகிற பரப்பு அதனால் பாதிக்கு மேல் குறையும்.

அதற்கு முன்பே வேரில் இன்னொரு வேலை தொடங்கியிருக்கும். மண் காய்வதை உணர்ந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் செடியில் பெருகுகிறது. அது இலைத்துளைகளைக் காக்கும் செல்களிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும். பொட்டாசியத்தோடு நீரும் போய்விட, துளை மூடிக்கொள்கிறது. நீராவி வெளியேறுவது நிற்கும். ஆனால் கரியமிலவாயு நுழைவதும் அந்த வழியாகத்தான், அதனால் பயிர் உணவு தயாரிப்பதும் குறையும். தாகத்தைத் தாங்க பயிர் பட்டினி கிடக்கிறது. கூடவே சர்க்கரை, புரோலின் என்ற அமினோ அமிலம் போன்றவற்றைச் செல்லுக்குள் சேர்த்துவைத்து இருக்கிற நீரைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும்.

காலை 6 மணிக்குப் பார்க்கச் சொன்னது ஏன் என்று சொல்கிறேன். இரவில் வெயில் இல்லை, இலையிலிருந்து நீர் போவது மிகக் குறைவு. வேருக்கு எட்டும் ஆழத்தில் ஈரம் இருந்தால் விடிவதற்குள் செடி உறிஞ்சி நிமிர்ந்துவிடும். விடியலில் இலை விரிந்திருந்து, 11 மணிக்கு மேல் சுருண்டு, மாலையில் மறுபடி விரிந்தால் கீழே ஈரம் இருக்கிறது, காத்திருக்கலாம். விடியலிலேயே சுருண்டு கிடந்தால் கீழேயும் வற்றிவிட்டது. அதோடு நுனி கருகவும் தொடங்கினால் அதற்குமேல் தள்ளிப்போடாதீர்கள், குட்டைத் தண்ணீரை விட்டுவிடுங்கள்.

தண்ணீரைப் பிடித்துவைக்கச் சொல்வதற்குக் காரணம், இதைவிட மோசமான நாட்கள் இனிமேல்தான் இருக்கின்றன. தூர் கட்டும் (பக்கத் தண்டுகள் விடும்) பருவத்தில் காய்ந்த நெல் மழை கண்டதும் ஓரளவு தேறிவிடும். இப்போது காய்வதால் நஷ்டமே இல்லை என்று சொல்லமாட்டேன்; தூர் குறையும், கதிரில் மணியும் குறையலாம். ஆனால் தொண்டைக் கதிர் பருவத்திலிருந்து (கதிர் இன்னும் இலை உறைக்குள் இருக்கும் சமயம்) பூக்கும் வரை காய்ந்தால் திருப்பி எடுக்க வழியே கிடையாது. கதிர் வெளிவருவதற்கு 10, 12 நாள் முன்பு மகரந்தம் உருவாகிறது. அப்போது தண்ணீர் இல்லையென்றால் மகரந்தம் மலடாகும், கதிர் முழுசாக வெளியே வராது, மணி பிடிக்காமல் அத்தனையும் சாவியாகும், அதாவது பதராகும். (வெளுத்த கதிரை லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் அது தண்டுத்துளைப்பான் புழுவின் வேலை. வராவிட்டால் வறட்சியாக இருக்கலாம்.)

அண்ணா 4 சுமார் 105 நாள் ரகம். அறுப்புக்கு ஒரு மாதம் முன்பு, அதாவது 75ஆம் நாளை ஒட்டிப் பூக்கும். ஆகவே 60 முதல் 75 நாள் வரை உங்கள் பயிருக்குக் கண்டம். நாள் கணக்கைப் புழுதியில் விதை போட்ட தேதியிலிருந்து எண்ணாமல், முளைக்கவைத்த மழையிலிருந்து எண்ணுங்கள். வறட்சியில் பூப்பது சில நாள் தள்ளியும் போகும் என்பதால் காலண்டரை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணாடி இலையின் (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) கழுத்தும் அதற்குக் கீழ் இலையின் கழுத்தும் ஒரே உயரத்துக்கு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். மகரந்தம் உருவாகும் நேரம் ஏறக்குறைய அதுதான். அப்போதும் மழை இல்லையென்றால் குட்டையைத் திறந்துவிடுங்கள்.

2 ஏக்கரை 5 சென்டிமீட்டர் நனைக்க ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர் தேவை. அவ்வளவு இல்லையென்றால் இரண்டு ஏக்கரையும் அரைகுறையாக நனைக்காமல், நல்ல பயிர் நிற்கும் ஒரு ஏக்கரை முழுசாகக் காப்பாற்றுங்கள். மனசுக்குக் கஷ்டமான முடிவுதான், ஆனால் மூட்டை வீடு வந்து சேரும். இன்னொன்று, குட்டையில் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வையுங்கள். வெயிலுக்குத் தினம் அரை சென்டிமீட்டர் போனால் பரவாயில்லை. விரல்கடைக் கணக்கில் இறங்கினால் தண்ணீர் தரைக்குள் போகிறது என்று அர்த்தம். அந்தக் குட்டையில் தண்ணீரைச் சேமித்து வைத்துப் பயனில்லை, இப்போதே பயிருக்கு விடுங்கள்.

கிணற்றுத் தண்ணீரில் கவனம் தேவை. உப்பு கலந்த நீரை உறிஞ்ச வேர் கூடுதலாகப் போராட வேண்டும். பக்கத்தில் நீர் இருந்தும் செடிக்கு அது வறட்சி மாதிரியே. இதற்குமேல் சோடியம் இலைக்குள் சேர்ந்து நஞ்சாகும். வெடித்த கரிசலில் பாய்ச்சினால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கும். நெல் தூர் கட்டும்போது உப்பை ஓரளவு தாங்கும். நாற்றுப் பருவத்திலும் பூக்கும்போதும் தாங்காது. ஒரு பாட்டிலில் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்துத் திறனை (தண்ணீரின் உப்பைக் காட்டும் அளவு) பாருங்கள். மீட்டருக்கு 2 டெசிசைமன்ஸுக்குள் இருந்தால் பாய்ச்சலாம். 3 என்று வந்தால் குட்டைத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் 2க்குக் கீழே இறங்கும். அதையும் தாண்டினால் தொடவே வேண்டாம்.

யூரியா காய்ந்த மண்ணில் கரைந்து வேருக்குப் போகாது. ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். தப்பித்தவறி பயிர் எடுத்துக்கொண்டாலும் இலை அதிகமாகும், தாகமும் கூடும். நல்ல மழை பெய்து மண் ஊறிய பிறகு ஏக்கருக்கு அரை மூட்டை போடுங்கள், அப்போது பலன் கிடைக்கும்.

இப்போதைக்குச் செலவு செய்வதென்றால் முதலில் களைக்குச் செய்யுங்கள். உங்கள் பயிர் குடிக்க வேண்டிய ஈரத்தைத்தான் களை குடிக்கிறது. பிறகு 1 சதவீதப் பொட்டாஷ் கரைசல், அதாவது லிட்டருக்கு 10 கிராம் மியூரேட் ஆஃப் பொட்டாஷ், ஏக்கருக்கு 200 லிட்டர் தெளிக்கலாம். இலைத்துளை திறந்து மூடுவதே பொட்டாசியத்தால் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால்தான் இது. அல்லது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பிபிஎஃப்எம் என்ற இளஞ்சிவப்பு பாக்டீரியாவை லிட்டருக்கு 10 மில்லி கலந்து தெளிக்கலாம். அதை வேறு எந்த மருந்தோடும் கலக்காதீர்கள். எதைத் தெளித்தாலும் இலை விரிந்திருக்கும் காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். இவை நாலு நாள் தாக்குப்பிடிக்க உதவும், தண்ணீருக்கு ஈடாகாது. கடையில் விற்கிற டானிக்குகளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. இராமநாதபுரத்தின் பழைய நொறுங்கன் நெல்லை, பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தின் பிஎம்கே 3 ரகத்தோடு சேர்த்து உருவானது கோ 53. வறட்சி நிலத்துக்காகவே வந்த ரகம், வயது 115 முதல் 120 நாள். மழை முன்னதாகவே நின்றுவிடும் மேட்டு வயல் என்றால் அண்ணா 4 போதும், தண்ணீர் கொஞ்சம் தங்கும் வயலில் கோ 53 போட்டுப் பாருங்கள். எந்த ரகமானாலும் புழுதியில் விதைக்கும் முன் விதையைக் கடினப்படுத்துங்கள். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, 1 கிலோ விதைக்கு 1 லிட்டர் என்ற கணக்கில் 16 மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட்டுவிடாதீர்கள்.