பதில் சொல்ல நேரம் இருக்கிறதா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் என் நெருங்கிய நண்பர் ஒருவரும் கொஞ்ச காலமாக இணையத்தில் கருத்துச் சுதந்திரம் பற்றி விவாதித்து வருகிறோம். கூட்டம் நிறைந்த தியேட்டரில் 'தீ, தீ' என்று கத்த யாருக்கும் உரிமை இல்லை, அதுபோல வெறுப்புப் பேச்சுக்கும் எல்லை வேண்டும் என்பது என் தரப்பு. எல்லை என்று ஒன்றை ஒப்புக்கொண்டால் அதை அதிகாரத்தில் இருப்பவர்கள்தான் போடுவார்கள், முதலில் நம் வாயைத்தான் அடைப்பார்கள் என்பது அவர் தரப்பு. இதற்கு நடுவில், ஒரு சமூகத்தையே தொடர்ந்து இழிவாக எழுதிவந்த ஒருவரை நான் பிளாக் செய்தேன். அதுவும் தணிக்கைதான் என்கிறார் நண்பர். யாரோ ஒருவர் வந்து என்னை அதிகாரத்தின் அடிமை என்று எழுதிவிட்டுப் போனார். இப்போது நண்பரும் நானும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது. கோடு எங்கேதான் இருக்கிறது?

ர.

அன்புள்ள ர.,

தியேட்டரிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எடுத்துக்காட்டிய அந்த உதாரணம் உங்களைவிட உங்கள் நண்பருக்குத்தான் அதிகம் உதவும். அது 1919-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஷெங்க் வழக்கின் தீர்ப்பில் வருகிறது. சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த சார்லஸ் ஷெங்க், முதல் உலகப் போருக்குக் கட்டாயமாக ஆள் சேர்ப்பதை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டார். ராணுவத்துக்கு அழைக்கப்பட்டவர்களுக்கு அது தபாலில் போனது. அந்தச் சட்டத்தை நீக்கச் சொல்லி மனு கொடுங்கள் என்பது போன்ற அமைதியான வழிகளைத்தான் அது வெளிப்படையாகச் சொன்னது. அதற்கு அவருக்குச் சிறை. அந்தச் சிறைத் தண்டனையை நியாயப்படுத்தத்தான் நீதிபதி ஹோம்ஸ் தியேட்டர் வாக்கியத்தை எழுதினார். அவர் சொன்னதும் பொய்யாகத் தீ என்று கத்துவதைப் பற்றி. உண்மையிலேயே தீ பிடித்திருந்தால் கத்தத்தானே வேண்டும்? போர் மக்களை அழிக்கும் என்று உறுதியாக நம்பியவர் வேறென்ன செய்வார்?

ஆகவே உங்கள் நண்பரின் அச்சத்துக்கு வரலாறு சாட்சி சொல்கிறது. அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்ததற்கும் இதுவே காரணம். எரிச்சலூட்டுவது, கடுமையாகப் புண்படுத்துவது போன்ற வார்த்தைகளை வைத்துக்கொண்டு யாரையும் கைது செய்ய அந்தப் பிரிவு இடம் கொடுத்தது. ஒரு விஷயத்தை விவாதிப்பது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, தூண்டிவிடுவது வேறு; முதல் இரண்டும் எவ்வளவு வெறுக்கத்தக்கவையாக இருந்தாலும் உரிமைக்குள் வருபவை, தூண்டுதல் என்ற கட்டத்தில்தான் தடை வரலாம் என்றது அந்தத் தீர்ப்பு. மனம் புண்பட்டது என்பதை அளவுகோலாக வைத்தால், அதிகம் கத்துகிறவரின் மனம் மட்டுமே சட்டத்தின் கண்ணில் படும்.

ஆனால் எல்லையே கூடாது என்ற நிலையில் உண்மையில் யாரும் இல்லை, உங்கள் நண்பர் உட்பட. கொலை மிரட்டலும் வார்த்தைதான். பணம் பறிக்க எழுதும் கடிதமும் வார்த்தைதான். போலி மருந்தை உயிர் காக்கும் மருந்தென்று விற்பவரும் பேசித்தான் விற்கிறார். இவர்களைத் தண்டித்தால் கருத்துச் சுதந்திரம் போயிற்று என்று யாரும் வருந்துவதில்லை. எல்லை உண்டு என்பதில் உங்கள் இருவருக்கும் சண்டையே இல்லை. அதை எதை வைத்து அளப்பது என்பதில்தான் சண்டை.

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: பதில் சொல்ல நேரம் இருக்கிறதா?

ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் ஓர் உதாரணம் தந்தார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் எழுதியவரை யாரும் தொடக்கூடாது. அதே வாக்கியத்தை, ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்துப்போய் நிற்கும் கும்பலிடம் சொன்னால் தண்டிக்கலாம். வாக்கியம் மாறவில்லை. பத்திரிகையில் படித்தவருக்கு யோசிக்க நேரம் உண்டு, மறுக்க இன்னொருவர் வருவார். வாசலில் நிற்கும் கும்பலுக்கும் கல்லுக்கும் நடுவில் அந்த இடைவெளி இல்லை. 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிராண்டைஸ் இதையே சட்ட மொழியில் எழுதினார்: விவாதித்துப் பொய்யை அம்பலப்படுத்த நேரம் இருக்குமானால், அதற்கு மருந்து மேலும் பேசுவதே, வாயை அடைப்பது அன்று. 1969-இல் பிராண்டன்பர்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. உடனடியான சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும் இருக்கவேண்டும், அது நடந்துவிடும் வாய்ப்பும் இருக்கவேண்டும். இரண்டும் இருந்தால்தான் தண்டனை. அந்தத் தீர்ப்பால் தப்பித்தவர் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற நிறவெறி அமைப்பின் தலைவர் ஒருவர். அவர் பேசியது எனக்கு அருவருப்பானது. அந்தக் கோடு சரியான கோடு என்றே நினைக்கிறேன்.

உங்கள் தரப்பின் முழு வலுவும் ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் இருக்கிறது. 1994-இல் துட்சி இனத்தவர்களைக் குறிவைத்து நடந்த இனப்படுகொலையின்போது ஆர்டிஎல்எம் என்ற வானொலி, கொல்லப்படவேண்டியவர்களின் பெயர்களையும் அவர்கள் ஒளிந்திருக்கும் இடங்களையும் ஒலிபரப்பியது. கேட்டவர்கள் போய்க் கொன்றார்கள். ஐ.நா. தீர்ப்பாயம் 2003-இல் அந்த வானொலியின் நிறுவனர்களைக் குற்றவாளிகள் என்றது. 2007-இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு என்னை இன்னும் உறுத்துகிறது. படுகொலை தொடங்கிய ஏப்ரல் 6-க்குப் பிந்தைய ஒலிபரப்புகள் இனப்படுகொலைக்கு நேரடித் தூண்டுதல் என்று நீதிபதிகள் ஏற்றார்கள். அதற்கு முந்தைய மாதங்களின் ஒலிபரப்புகள் இனவெறுப்பை வளர்த்தவை, ஆனால் இனப்படுகொலைக்கு நேரடியாகத் தூண்டியவை என்று நிறுவப்படவில்லை என்றார்கள்.

சட்டத்தின்படி இது நியாயமான பிரிவினை. நாம் யோசிக்கவேண்டியது அந்த முந்தைய மாதங்களைப் பற்றித்தான். ஒரு மக்கள் கூட்டத்தையே கரப்பான்பூச்சி என்று அழைத்துப் பழக்கிய காலம் அது. அப்போது நேரம் இருந்தது. பதில் சொல்லும் குரலுக்குத்தான் அங்கே வானொலியின் பலம் இல்லை. பேசுவதே மருந்து என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள். சட்டம் குறுக்கே வரவேண்டாம் என்று வாதாடுகிற ஒவ்வொருவருக்கும், அந்தப் பேச்சுக்குத் தானே எழுந்து மறுப்புச் சொல்லும் கடமை வந்து சேர்கிறது. உங்கள் நண்பரிடம் கேட்கவேண்டிய கேள்வி இது: தண்டிக்கவேண்டாம், சரி, ஒரு சமூகத்தையே இழிவாக எழுதிய அந்த ஆளுக்கு நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்?

இன்னொன்றும் உண்டு. பேச்சைக் கொண்டே மற்றவரைப் பேசவிடாமல் செய்யும் வழி இன்று கைக்கு எளிதாக இருக்கிறது. ஒரு பெண் ஒரு கருத்தை எழுதுகிறாள்; நூற்றுக்கணக்கானவர்கள் பாலியல் வன்முறை மிரட்டலோடு வந்து விழுகிறார்கள்; வீட்டு முகவரி வெளியிடப்படுகிறது; அவள் எழுதுவதை நிறுத்துகிறாள். இதில் எந்தக் கருத்தும் இல்லை. பதில் சொல்லும் ஒருவரை அகற்றுவதே அதன் வேலை. இதைத் தடுப்பது கருத்துச் சுதந்திரத்தைக் காப்பது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கடினமான இடம் இவற்றுக்கு நடுவில், மெதுவாக ஊறும் வெறுப்பில் இருக்கிறது. நாடுகள் இதில் ஒத்துப்போவதில்லை. யூதப் படுகொலை நடக்கவே இல்லை என்று பொதுவில் சொல்வது ஜெர்மனியில் குற்றம், அமெரிக்காவில் குற்றமில்லை. ஐ.நா.வின் ஏற்பாட்டில் 2012-இல் உருவான ரபாத் செயல்திட்டம், ஒரு பேச்சைக் குற்றமாக்கும் முன் சூழல், பேசுபவரின் செல்வாக்கு, நோக்கம், பேச்சின் உள்ளடக்கம், அது பரவிய அளவு, தீங்கு நேரும் வாய்ப்பு ஆகிய ஆறையும் பார்க்கச் சொல்கிறது. பேசுபவர் யார் என்பது எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது. கோபத்தில் உளறும் தனியாளும், பல்லாயிரம் பேர் பின்னால் வரும் தலைவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னாலும் விளைவு ஒன்றாக இருக்காது.

நீங்கள் பிளாக் செய்ததில் எந்தத் தவறும் இல்லை. பேசும் உரிமை அவருக்கு உண்டு. உங்களைக் கேட்கவைக்கும் உரிமை அவருக்கு இல்லை. கோடிக்கணக்கானவர்கள் கூடும் தளங்களை நடத்தும் நிறுவனம் ஒருவரை நீக்குவது வேறு விஷயம். அது அரசும் இல்லை, தனிமனிதரும் இல்லை. எந்த விதிப்படி நீக்கினோம் என்று சொல்லவும், முறையீட்டைக் கேட்கவும் அதற்குக் கடமை இருக்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் கொண்டுவந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம் காரணம் சொல்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

உங்கள் சண்டையில் நான்கு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இதைச் சொன்னவரைச் சிறையில் போடலாமா? தளத்திலிருந்து நீக்கலாமா? மறுக்கலாமா? கண்டுகொள்ளாமல் விடலாமா? நீங்கள் இரண்டாவதைப் பற்றிப் பேச, அவர் முதலாவதைக் காதில் வாங்கிக் கொதிக்கிறார். அடுத்த முறை ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இந்த நான்கில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். பிறகு அதே வாக்கியத்தை உங்களுக்குப் பிடித்த ஒருவர் உங்களுக்குப் பிடிக்காதவரைப் பற்றிச் சொன்னதாக மாற்றிப் பாருங்கள். நண்பரும் மாற்றிப் பார்க்கட்டும். முடிந்தால் இதை எழுத்தில் செய்யாமல் போனில் பேசுங்கள். மூன்றாமவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை.

அடிமை என்று எழுதியவருக்குப் பதில் வேண்டாம். ருவாண்டாவின் அந்த முந்தைய மாதங்களைப் பற்றி உங்கள் நண்பர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.