ஜோகோவிச்சின் பையில் என்ன இருந்தது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நோவாக் ஜோகோவிச்சின் டென்னிஸ் வாழ்க்கையைப் பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் வடசென்னைக் கடிதங்களே அதிகம். பாக்ஸிங், கேரம், ஃபுட்பால் என்று பேர் வாங்கிய பகுதியிலிருந்து டென்னிஸுக்கு இத்தனை கேள்விகளா என்று எங்களுக்கே ஆச்சரியம். இடம் போதாததால் சில கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

என் மகளுக்கு ஏழு வயது. ஜோகோவிச் எத்தனை வயதில் ஆரம்பித்தார்? நாங்கள் லேட்டா?
– ஒரு தந்தை, தண்டையார்பேட்டை

லேட் இல்லை. அவர் 1987 மே மாதம் பெல்கிரேடில் பிறந்தவர். பெற்றோர் கோபவோனிக் என்ற பனிச்சறுக்கு மலையில் சின்னதாக ஓர் உணவுக்கடை வைத்திருந்தார்கள். 1993-ல் அங்கே நடந்த டென்னிஸ் முகாமில் யெலேனா கென்சிச் என்ற பயிற்சியாளர் கண்ணில் பட்டபோது பையனுக்கு வயது ஆறு. முதல் நாள் அவன் தூக்கிவந்த பையில் ராக்கெட், துண்டு, தண்ணீர் பாட்டில், வாழைப்பழம், மாற்றுச் சட்டை, தொப்பி, மணிக்கட்டுப் பட்டை எல்லாம் அடுக்கி இருந்தன. "அம்மா அடுக்கிக் கொடுத்தாரா?" என்று கேட்டதற்கு, டிவியில் பார்த்துத் தானே அடுக்கியதாகச் சொன்னான். கென்சிச் அசந்துபோனது அதைப் பார்த்துத்தான். உங்கள் மகளின் பையை இன்றிலிருந்து அவளே அடுக்கட்டும். மறந்ததை நீங்கள் ஓடிப்போய் எடுத்து வராதீர்கள்.

கென்சிச் ஆறு வருடம் சொல்லிக்கொடுத்தார். ஒற்றைக் கை பேக்ஹேண்டைத்தான் (புறங்கை முன்னால் வர அடிக்கும் அடி) முதலில் பழக்கினார். பையனுக்கு அதில் பலம் கூடவில்லை என்று தெரிந்ததும் இரண்டு கைக்கு மாற விட்டார். அந்தப் பேக்ஹேண்டின் தரம் பிறகு ஊருக்கே தெரிந்தது.

இங்கே நாம் பார்க்கும் பெரிய தப்பு, ஏழு வயதுக் குழந்தையிடம் பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்தைக் கொடுத்து முழு கோர்ட்டில் நிறுத்துவது. பந்து அவள் தலைக்கு மேல் எழும்பும். அதைச் சமாளிக்க உள்ளங்கையைக் கைப்பிடிக்கு அடியில் திருப்பிக்கொள்வாள். பிடி அப்படியே ஊறிவிட்டால், பதினான்கு வயதில் முழங்காலுக்குக் கீழே வரும் பந்தை எடுக்கத் திணறுவாள். எட்டு வயது வரை சிவப்புப் பந்து போதும். மஞ்சளைவிட 75 சதவீதம் வேகம் குறைவு. அதற்கான கோர்ட் 36 அடி நீளம், 18 அடி அகலம்தான். ஷட்டில் கோர்ட் 44-க்கு 20 அடி என்பதால் தெருமுனைப் பூங்காவில் ஒரு ஷட்டில் கோர்ட் காலையில் காலியாக இருந்தாலே காரியம் முடிந்தது. இரண்டரை அடி உயரத்தில் ஒரு கயிறு கட்டினால் நெட். பத்து வயது வரை ஆரஞ்சு, அதன் பிறகு கொஞ்ச காலம் பச்சைப் புள்ளி வைத்த பந்து, அதற்கப்புறம்தான் மஞ்சள். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்தே கூடாது என்று சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் 2012-லேயே விதி கொண்டுவந்துவிட்டது.

எங்களுக்குச் சுவர்தான் கோர்ட். சுவரில் அடித்துப் பழகி முன்னேற முடியுமா?
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

ஓரளவு முடியும். ஜோகோவிச்சின் ஊர்க்காரரான ஆனா இவானோவிச், தண்ணீர் வடித்த நீச்சல் குளத்துக்குள் கோடு போட்டுப் பழகியவர். பக்கவாட்டில் இடமில்லாததால் குறுக்கே அடிக்க வழியில்லை, நேராகத்தான் அடிக்க வேண்டும். அவர் 2008-ல் பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்தார்.

சுவரில் ஒரு சிக்கல் உண்டு. எதிராளி அடித்து வருவதைவிடச் சீக்கிரமாகப் பந்து திரும்பிவிடும். ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோக நேரமில்லாமல் கை வெட்டி வெட்டி அடிக்கப் பழகிவிடும். அதனால் 25 அடியாவது தள்ளி நில்லுங்கள், பந்து இரண்டு முறை தரையில் குத்தி வரட்டும். சுவரில் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். நெட்டின் நடு உயரம் அதுதான். கோட்டை ஒட்டி அடிக்காதீர்கள், அதற்கு மேல் இரண்டு மூன்று அடியில் பட வேண்டும். கோட்டை உரசுகிற பந்து கோர்ட்டில் பாதியிலேயே விழும்.

சர்வீஸுக்கு 39 அடி தள்ளி நில்லுங்கள். பேஸ்லைனுக்கும் (கோர்ட்டின் பின்கோடு) நெட்டுக்கும் அதுதான் தூரம்.

பந்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் பக்கத்துக் கடையில் 'டென்னிஸ் பால்' என்று கேட்டால் தெருக் கிரிக்கெட் பந்தைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது தடித்த ரப்பர், கனமும் அதிகம். ராக்கெட்டில் அடித்தால் முழங்கைதான் வாங்கும். டப்பாவில் காற்றழுத்தத்தோடு வரும் பந்தை வாங்குங்கள். டப்பாவைத் திறந்த அன்றே அழுத்தம் இறங்கத் தொடங்கிவிடும். 100 அங்குல உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விட்டால் நல்ல பந்து 53 முதல் 58 அங்குலம் எழும்பும். அவ்வளவு வராத பந்தைச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் சுவருக்குக் கொஞ்சம் செத்த பந்துதான் நல்லது.

ஜோகோவிச் பயன்படுத்தும் அதே ராக்கெட்டை மகனுக்கு வாங்கித் தரலாமா? வயது 11.
– ஒரு தாய், ராயபுரம்

வேண்டாம்மா. கடையில் தொங்குவது அவருடைய ராக்கெட் மாதிரி பெயின்ட் அடித்தது. அவர் கையில் இருப்பது எடை, சமநிலை எல்லாம் அவருக்கென்று கூட்டிக் குறைத்தது. பையன் உயரத்தைப் பாருங்கள். நாலடி தாண்டினால் 25 அங்குலம், நாலரை அடி தாண்டினால் 26, ஐந்தடியை நெருங்கும்போது 27. 'வளர்ற பிள்ளை, பெருசாவே இருக்கட்டும்' என்று ஸ்கூல் யூனிஃபார்ம் வாங்குகிற கணக்கு இங்கே உதவாது. நீளம் கூடினால் மணிக்கட்டு தொங்கும், பந்து எப்போதும் தாமதமாகத்தான் படும்.

ஸ்ட்ரிங்கில் இன்னும் கவனம் வேண்டும். ஜோகோவிச் நெடுக்கில் இயற்கை கட் (விலங்குக் குடலில் செய்த நரம்பு), குறுக்கில் பாலியஸ்டர் என்று கலந்து போடுகிறவர். கடைக்காரர் 'சாம்பியன் ஸ்ட்ரிங்' என்று முழுக்கப் பாலியஸ்டர் போட்டுக் கொடுத்துவிடுவார், அறுந்தே போகாது என்ற பெருமையோடு. அறுந்து போகாததுதான் தொல்லை. அது விறைப்பானது, சில வாரங்களில் இழுவை செத்துப்போனாலும் பார்த்தால் தெரியாது, அதிர்ச்சி முழுவதும் முழங்கைக்குப் போகும். பதினொரு வயதுக்கு நைலான் அல்லது மல்டிஃபிலமென்ட் (மெல்லிய இழைகள் பலவற்றைச் சேர்த்தது), 50 பவுண்டை ஒட்டிய இழுவை போதும். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறானோ, வருடத்துக்கு அத்தனை முறை ஸ்ட்ரிங் மாற்றுவது பழைய கணக்கு. பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளில் போடச் சொல்லும்போது, மெஷினில் எத்தனை பவுண்டு வைக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

2008-ல் முதல் கிராண்ட்ஸ்லாம் ஜெயித்தவர், அடுத்ததை 2011-ல்தானே ஜெயித்தார்? நடுவில் மூன்று வருடம் என்ன ஆயிற்று?
– ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். ஊழியர், பெரம்பூர்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. அவர் ஏறிய கதையே அந்த மூன்று வருடத்தில்தான் இருக்கிறது.

2003-ல் தொழில்முறைக்கு வந்தார். 2005 ஆஸ்திரேலிய ஓப்பன்தான் அவர் ஆடிய முதல் கிராண்ட்ஸ்லாம் (வருடத்தின் நாலு பெரிய போட்டிகளில் ஒன்று). முதல் சுற்றிலேயே ரஷ்ய வீரர் சாஃபினிடம் 6-0, 6-2, 6-1 என்று தோல்வி. அந்த வருடக் கடைசியில் தரவரிசை 78, அடுத்த வருடம் 16, அதற்கடுத்து 3. 2008 ஜனவரியில் மெல்பர்னில், அதே ஆஸ்திரேலிய ஓப்பனில், அரையிறுதியில் ஃபெடரரையும் இறுதியில் ட்ஸோங்காவையும் வென்றார். அப்போது வயது இருபது. அதற்குப் பிறகு ஏணி நின்றது.

காரணங்களில் ஒன்று உடம்பு. 2009-ல் அதே மெல்பர்னில் ரோடிக்கோடு ஆடும்போது வெயில் தாங்காமல் பாதியில் விலகினார். 2010-ல் ட்ஸோங்காவோடு ஐந்து செட் ஆடி, வாந்தி எடுத்துத் தோற்றார். அந்த வருடம் இகோர் செடோயெவிச் என்ற மருத்துவர், கோதுமையில் உள்ள குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி நிறுத்த வைத்தார். (இதைப் படித்துவிட்டுப் பிள்ளைக்குப் பத்தியம் வைக்காதீர்கள். அவர் விட்டது ரொட்டியும் பீட்ஸாவும். நம் வீட்டு இட்லியிலும் சோற்றிலும் குளூட்டன் கிடையாது.)

அடுத்தது சர்வீஸ். 2009-ல் டாட் மார்ட்டினைக் கூடுதல் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு சர்வீஸை மாற்றப்போய், டபுள் ஃபால்ட்டுகள் (இரண்டு சர்வீஸும் தப்பிப் புள்ளி போவது) கொட்டின. சர்வீஸ் என்பது கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வரிசையாகச் சக்தி ஏறி வரும் அசைவு. நடுவில் ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை பழைய நேரத்திலேயே வேலை செய்யும்; பந்தைத் தூக்கிப் போடும் இடமும் தடுமாறும். 2010 வசந்தத்தில் மார்ட்டின் விலகினார். 2006-லிருந்து கூட இருந்த பயிற்சியாளர் மரியான் வைதாவோடு உட்கார்ந்து பழைய அசைவை மீட்டார். அந்த டிசம்பரில் அவருடைய நாடான செர்பியா, நாடுகளுக்கு இடையிலான டேவிஸ் கோப்பையை வென்றது. 2011-ல் தொடக்கத்திலிருந்து 41 ஆட்டம் தோல்வியே இல்லை. வருட முடிவில் 70 வெற்றி, 6 தோல்வி, மூன்று கிராண்ட்ஸ்லாம். ஜூலை 4 அன்று முதலிடம்.

இதே மாதிரி இன்னொரு சரிவும் உண்டு. முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு 2018-ல் 22-வது இடத்துக்குப் போனவர், அதே வருடம் விம்பிள்டன் ஜெயித்து, ஆண்டை முதலிடத்தில் முடித்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை மாவட்டப் போட்டியில் இரண்டாம் சுற்றில் தோற்றதற்குக் கோச்சை மாற்றும் பெற்றோர், வைதா எத்தனை வருடம் கூட இருந்தார் என்பதைக் கவனிக்கலாம்.

மகனுக்கு 13 வயது. போட்டியில் இரண்டாவது செட் வந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது.
– ஒரு தாய், திருவொற்றியூர்

நம் கடலோரத்தில் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை காயாது, உடம்பு ஆறாது. கடற்காற்று உள்ளே வருவதற்கு முந்தைய பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைதான் மோசம். ஜூனியர் ஆட்டங்களும் அந்த நேரத்தில்தான் மாட்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்தது ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் வெளியே போயிருக்கிறது. வெறும் தண்ணீராகக் குடித்துத் தீர்க்காமல், ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கலந்து, இடம் மாறும் ஒவ்வொரு முறையும் நாலு வாய் குடிக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் உப்புப் போட்ட மோர் நல்லது.

உப்பு மட்டுமே காரணம் இல்லை. பயிற்சியில் முக்கால் மணி நேரம் ஆடுகிற கால், போட்டியில் இரண்டு மணி நேரம் தாங்காது. வாரத்தில் ஒரு நாளாவது முழு மூன்று செட் ஆடட்டும். வலி முழங்காலுக்குக் கீழே எலும்பு மேட்டில் என்றால் விஷயம் வேறு. வளரும் வயதில் அந்த இடம் இழுபடும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

இடது கைப் பையனை வலது கைக்கு மாற்றலாமா? – கொருக்குப்பேட்டை

கூடாது. இடது கையில் ஆடிய நடால் எழுதுவது வலது கையில். பையனுக்கு எது இயல்போ அதை விட்டுவிடுங்கள்.

உயரம் குறைவு. வாய்ப்பு உண்டா? – காசிமேடு

ஜஸ்டின் ஹெனின் 167 செ.மீ.; ஏழு கிராண்ட்ஸ்லாம்.

428 வாரம் முதலிடம் என்கிறீர்கள். ரேங்க் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பணம் எப்போது வரும்?
– கொளத்தூர் வாசகர்

எடுத்த புள்ளி 52 வாரம்தான் நிற்கும். போன வருடம் ஜெயித்த போட்டியில் இந்த வருடம் தோற்றால் பழைய புள்ளி கழிந்துவிடும். 2022 விம்பிள்டனில் ரஷ்ய வீரர்களுக்குத் தடை விதித்ததால் அந்தப் போட்டிக்குப் புள்ளியே கிடையாது என்று அறிவித்தார்கள். ஜோகோவிச் கோப்பையை ஜெயித்தார். முந்தைய வருடப் புள்ளி கழிந்து மூன்றிலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கினார்!

கிராண்ட்ஸ்லாம் சாம்பியனுக்கு 2000 புள்ளி. ஏணியின் அடிப்படியான எம்15 போட்டியில் சாம்பியனுக்கு 15. அந்த ஒரு வாரத்தை முழுக்க ஜெயித்தாலும் ஒற்றையர் பரிசு 2,160 டாலர். விமானம், அறை, ஸ்ட்ரிங், கோச் எல்லாம் அதற்குள். 2025 விம்பிள்டனில் முதல் சுற்றில் தோற்றவருக்கு 66,000 பவுண்டு. 128 பேர் ஆடும் அந்தப் பட்டியலில் 104 பேர் ரேங்க் வைத்து நேராக நுழைகிறார்கள். ஆக, முதல் நூறுக்குள் வரும் வரை கைக்காசு கரையும், வந்த பிறகுதான் பிழைப்பு. சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரன் முழங்கால் காயத்தால் பல வருடம் இழந்து, 2019-ல் 29 வயதில் 75-வது இடத்தைத் தொட்டார்.

ஜோகோவிச் 12 வயதில் ஜெர்மனி போனாரே, நாங்களும் மகனை வெளியூர் அகாடமிக்கு அனுப்பலாமா?
– ஒரு தந்தை, எண்ணூர்

1999 செப்டம்பரில் மியூனிக் அருகே நிகி பிலிச்சின் அகாடமிக்குப் போனார். அந்த வருடம்தான் பெல்கிரேடில் 78 நாள் குண்டு விழுந்தது. குடும்பம் கடன் வாங்கித்தான் அனுப்பியது. ஆனால் அதற்கு முன்பே அவருக்கு ஆறு வருட அடித்தளம் இருந்தது, எதிரே ஆட உள்ளூரில் சமமான ஆள் இல்லை. இந்த இரண்டும் உங்கள் மகனுக்குப் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தாவிட்டால் பணத்தை எண்ணூரிலேயே வைத்திருங்கள். கொல்கத்தாவிலிருந்து லியாண்டர் பயஸ் பயிற்சிக்கு வந்ததே சென்னைக்குத்தான், அமிர்தராஜ் அகாடமிக்கு.

இப்போதைக்கு அகில இந்திய டென்னிஸ் சங்கத்தில் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழைச் சரிபாருங்கள். தாமதமாகப் பதிவானதென்றால் வயதுத் தகராறு வரும். 12, 14, 16, 18 வயதுப் பிரிவுகளில் உள்ளூர்ப் போட்டிகள் ஆடலாம். சர்வதேச ஜூனியர் போட்டிக்கு 13 வயது முடிய வேண்டும். நுங்கம்பாக்கம் அரங்கில் நடக்கும் ஆட்டங்களைப் பார்க்கப் போவதென்றால், பீச் ஸ்டேஷனில் தாம்பரம் ரயிலுக்கு மாறி நுங்கம்பாக்கத்தில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள்.

அவருடைய ஆட்டங்களில் எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?
– பள்ளி மாணவி, புதுவண்ணாரப்பேட்டை

2019 விம்பிள்டன் இறுதி. ஐந்தாவது செட்டில் 8-7, 40-15 என்று ஃபெடரர் சர்வீஸ் போட்டார்; இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்ட் (ஒன்றை எடுத்தாலே கோப்பை). இரண்டும் தப்பின. மொத்தப் புள்ளிகளில் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204, ஆனால் மூன்று டைபிரேக்கையும் (செட் சமனானால் முடிவு செய்யும் ஆட்டம்) எடுத்து ஜோகோவிச் ஜெயித்தார். பார்க்கும்போது பந்தின் மேல் கண்ணை வைக்காமல் அவர் காலைப் பாரும்மா. எதிராளி ராக்கெட் பந்தில் படும் நேரத்தில் அவர் சின்னதாக ஒரு குதி குதித்து, இரண்டு காலையும் அகட்டித் தரையில் ஊன்றுவார். ஒரு செட் முழுக்க அதை மட்டும் பார்த்துவிட்டு, மறுநாள் தோழியைச் சர்வீஸ் போடச் சொல்லி, ராக்கெட் இல்லாமல் அந்தக் குதியை மட்டும் இருபது முறை செய். முந்திக் குதித்தால் பந்து வரும்போது கால் தரையில் செத்துக் கிடக்கும், பிந்தினால் காற்றில் இருப்பாய்.