எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்? ஆபீசில் சொல்லியாக வேண்டுமா?

அடுத்த மாதம் ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையைச் சின்னதாக்குவது), சிங்கப்பூரில் மேசை வேலை, இரண்டு வாரம் எம்சி (மருத்துவச் சான்றோடு எடுக்கும் விடுப்பு) போதுமா, மேலாளரிடம் உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். வயது 41. ஆபரேஷனுக்குப் போகும்போது எடை 104 கிலோ, உயரம் 158 செ.மீ., கூடவே சுகரும் பிரஷரும்.

இரண்டு வாரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள்தான். பதினைந்தாம் நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார எந்தச் சிரமமும் இல்லை. சிரமம் பகல் பன்னிரண்டரை மணிக்கு ஆரம்பித்தது.

இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவுக் குழாய். அதில் சாப்பாடும் தண்ணீரும் ஒன்றாக இறங்காது. சாப்பிடும்போது குடிக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கலாம். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போயாக வேண்டும். மடமடவென்று குடிக்கவும் முடியாது. மருத்துவமனையில் 30 மில்லி மருந்துக் குப்பி ஒன்று கொடுத்திருந்தார்கள். அதில் ஊற்றி ஊற்றி உறிஞ்சினால் ஒன்றரை லிட்டருக்கு ஐம்பது குப்பி. ஆபீஸ் மேசையில் அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு கால்மணிக்கு ஒருமுறை நிரப்பிக்கொண்டிருந்தேன். கிடங்கிலிருந்து டெலிவரி ஆர்டர் வாங்க வந்த அண்ணன் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?" என்றார். அன்றைக்குச் சிரித்ததில் துளைகள் எல்லாம் இழுத்தன.

ஆபீசில் ஏசி ஓடுவதால் தாகமே தெரியாது. கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தண்ணீருக்கு, இரும்புச்சத்து மாத்திரைக்கு, கால்சியத்துக்கு என்று தனித்தனி அலாரம். இரும்பும் கால்சியமும் இரண்டு மணி நேர இடைவெளியில்தான் போட வேண்டும், சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாகச் சேராது. தேநீர் இரும்பைத் தடுக்கும் என்பதால் தே ஓ கோசோங்குக்கும் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) நேரம் ஒதுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மேசைப் பெண் என் அலாரங்களை மனப்பாடமே செய்துவிட்டாள்.

லீவு விஷயம். வேலைவாய்ப்புச் சட்டப்படி ஆறு மாதம் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு மருத்துவமனை விடுப்பு உண்டு. சாதாரண எம்சி 14 நாளும் அந்த 60-க்குள் அடக்கம். வார்டில் படுத்திருந்த நாட்களுக்குத்தான் என்று இல்லை, வீட்டில் தேறும் நாட்களையும் மருத்துவர் அதில் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் எச்ஆர் அம்மா முதலில், "இது அழகுக்காகச் செய்வதுதானே, சம்பளம் கிடையாதே" என்றார். அழகு சிகிச்சைக்குச் சம்பள விடுப்பு தர வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் இது அந்தக் கணக்கில் வராது. அழகுக்கென்றால், மருத்துவச் செலவுக்கென்று நம் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மெடிசேவிலிருந்து பணம் எடுக்க விட்டிருப்பார்களா? கோபத்தை அடக்கிக்கொண்டு, நீரிழிவுக்கும் உடல்பருமனுக்கும் சிகிச்சை என்று மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தேன். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

யாரிடம் சொல்வது? நான் மேலாளரிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னேன். மற்றவர்களுக்கு "வயிற்றில் ஒரு ஆபரேஷன்" என்பதோடு சரி. நாற்பது தாண்டிய தமிழ்ப் பெண் வயிற்றில் ஆபரேஷன் என்றால் நம் ஆட்கள் என்ன முடிவு கட்டுவார்கள்? கணக்குப் பிரிவு அக்கா என்னை பேன்ட்ரிக்குள் தள்ளிக்கொண்டு போய், "கர்ப்பப்பையை எடுத்தாச்சா? இனி இடுப்பு வலி வரும், நல்லெண்ணெய் தேய்ச்சுக்கோ" என்றார். மறுக்கவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் கர்ப்பப்பை இல்லாதவளாகவே அந்த ஆபீசில் உலாவினேன்.

அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன். காரணம், ஆபரேஷன் முடிந்த ஏழாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது.

அதற்குள் கெட்டிச் சாப்பாட்டுக்கு வந்திருந்தேன். எங்கள் பிரிவு முழுக்க மதியச் சாப்பாட்டுக்குத் தேக்காவுக்குக் கிளம்பியது. ஊபியில் ஏறினால் டௌன்டவுன் ரயில் பாதையில் நேராக லிட்டில் இந்தியா. வெளியே வந்தால் தேக்கா நிலையம், உணவங்காடி. எல்லாரும் பிரியாணி. நானும் வாங்கினேன், ஒரு கோழித் துண்டு மட்டும் பிய்த்துத் தின்பதாக உத்தேசம். பேச்சு சுவாரசியத்தில் மென்று தின்ன மறந்து, இரண்டாவது வாயையும் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நின்றது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. வாய் முழுக்க எச்சில் ஊறிக் கொட்டுகிறது, துப்பினாலும் ஊறுகிறது. தண்ணீர் குடிக்கத்தான் கை போகும், ஆனால் குடித்தால் அதன் மேலேதான் நிற்கும். கழிவறைக்கு ஓடி இருபது நிமிடம் குனிந்து நின்ற பிறகுதான் வெளியே வந்தது. திரும்பி வந்தால் என் தட்டு இல்லை. அதே அக்கா என் தட்டையும் சேர்த்து அடுக்கிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார், 2021-லிருந்து சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்காமல் போனால் விடமாட்டார்களே. முகத்தைப் பார்த்து, "என்ன, மாசமா இருக்கியா?" என்றார். கர்ப்பப்பை இல்லாதவளிடம் கேட்கிறோம் என்று அவருக்கே அடுத்த நொடி உறைத்துவிட்டது. அங்கேயே உண்மையைச் சொன்னேன்.

"இதுக்கு நடந்தாலே போதுமே, குறுக்கு வழி" என்று ஒருவர் சொல்லத்தான் செய்தார். சொல்லட்டும். ஆனால் அன்றிலிருந்து அந்த அக்கா என் தட்டில் யாரும் எதையும் வைக்க விடுவதில்லை. தீபாவளிக்கு அதிரசம் நீட்டியவர்களை அவரே விரட்டினார். எல்லாருக்கும் சொல்ல வேண்டாம், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்காரும் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள்.

நடைமுறையில் என் மதியம் இப்படி ஆனது: பன்னிரண்டரைக்குத் தண்ணீரை நிறுத்துவேன், ஒரு மணிக்குச் சாப்பாடு, அரை மணி மெல்லுவேன், இரண்டு மணிக்குத்தான் அடுத்த குப்பி. முதலில் புரதம். முட்டை, மீன், தவ்வு (சோயா கட்டி), கடைசியில் இடம் இருந்தால் ஒரு வாய் சோறு. வெளியே என்றால் மீன் சூப்பை நூடுல்ஸ் இல்லாமல் வாங்கி மீனை மட்டும் எடுப்பேன், அல்லது யோங் தௌ ஃபூவில் (மீன் விழுது அடைத்த தவ்வும் காயும்) நாலு துண்டு. முழு விலை கொடுத்து மூன்று கரண்டி சாப்பிடுவது முதலில் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவேன், இரவுக்கும் அதுவே.

பிற்பகல் மூன்று மணிக்குக் கண் சொருகும், முதல் மாதம் முழுக்க. உள்ளே போவதே அவ்வளவு கொஞ்சம். முக்கியமான வேலையைக் காலையில் முடித்துவிடுங்கள். நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது. எடை இறங்க இறங்கப் பழைய அளவு பிரஷர் மாத்திரை எனக்கு அதிகமாகிவிட்டதாம், மருத்துவர் குறைத்தார். ரயிலில் நின்றுகொண்டு வர முடியாவிட்டால் நிலையத்தின் பயணியர் சேவை மையத்தில் கேளுங்கள், இருக்கை கேட்கும் ஸ்டிக்கர் ஒன்று தருவார்கள். நான் வெட்கப்பட்டு வாங்காமல் ஒரு வாரம் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன், முட்டாள்தனம்.

மாதவிலக்கு வலிக்கு ஆபீசில் யாராவது பொன்ஸ்டான் மாத்திரை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அந்த வகை வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும், பனடால் (பாராசிட்டமால்)தான் நமக்கு. மூன்றாம் நான்காம் மாதம் முடி கொட்டும். என் கறுப்பு நாற்காலியின் முதுகில் நரைமுடிகள் வரிசையாகத் தெரிந்தன. உடல் அதிர்ச்சியில் கொட்டுவது, திரும்ப வளர்ந்துவிட்டது.

இது மட்டும் விளையாட்டில்லை: காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பு, ஏறிக்கொண்டே போகும் வயிற்று வலி, குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி. இதில் எது வந்தாலும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். தையல் போட்ட இடம் கசிந்தால் இப்படித்தான் தெரியும்.

அப்புறம், மேசை வேலை என்றாலும் தூக்குவது இருக்கும். ஏ4 தாள் ஒரு ரீம் 2.5 கிலோ, ஐந்து ரீம் பெட்டி பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். முதல் ஆறு வாரம் அதைத் தொடாதீர்கள், துளை போட்ட இடத்தில் குடல் பிதுங்கிவிடலாம். பாரம் தூக்கக் கூடாது என்று லைட் டியூட்டி கடிதத்தை டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். நான் மறந்துபோய், அந்த ஒரு தாளுக்காக மறுபடி கிளினிக்கில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.