தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சோர்ந்து போவது வேலைப்பளுவாலா, பள்ளியின் சூழலாலா?

18 வருடமாக இடைநிலை ஆசிரியை. என்னைக் கேட்டால் பள்ளிதான். நான் வேலை பார்த்த இரண்டு பள்ளியிலும் பளு இருந்தது. சோர்ந்து விழுந்தது ஒன்றில் மட்டும்.

முதலாவது ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். கணக்கு சரி, ஆனால் வகுப்பு ஐந்து. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டால் ஐந்தும் என் தலையில். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினால் ஐந்தாம் வகுப்பில் அடிதடி. நடுவில் எமிஸ் எனும் கல்வித்துறை இணையதளத்தில் வருகைப் பதிவு. டவர் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓட்டம். அப்புறம் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை. (கல்வி சாராத பணி கூடாது என்கிறது சட்டத்தின் 27-ஆம் பிரிவு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மட்டும் விதிவிலக்கு. என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த விதிவிலக்கில்தான் போயின.)

உடம்பு இதையெல்லாம் தாங்கியது. நான் கெட்டுப்போனது தெரிந்தது ஒரு சிலேட்டில். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தினமும் எழுதியதைக் கொண்டுவந்து நீட்டுவாள். நிமிராமலே, "அப்புறம் பாக்கலாம், போய் உட்காரு" என்பேன். ஒரு கட்டத்தில் வருவதையே நிறுத்திவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போனபின் அந்த நிம்மதிதான் பயமுறுத்தியது.

முடியவில்லை சார் என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். "எல்லாருக்கும் இருக்கிறதுதான் டீச்சர். மேலே கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார். அவரும் பாவம், மேலிருந்து வந்ததைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார்.

கலந்தாய்வில் மாறுதல் வாங்கி இப்போதுள்ள பள்ளிக்கு வந்தேன். 2022-ல் சின்ன வகுப்புகளுக்கு எழுதப் படிக்க, கணக்குப் போட வைக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிப்பது, செயலியில் மதிப்பீடு என்று வேலை கூடத்தான் செய்தது. ஆனால் இங்கே தலைமை ஆசிரியை, "ஆன்லைன் வேலையை என்கிட்ட விடுங்க, நீங்க வகுப்பைப் பாருங்க" என்றார். ஒருநாள் சாப்பிடும்போது, நாலு பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பழைய இடமாக இருந்தால் அது குற்ற ஒப்புதல். இவர் மறுநாள் வகுப்பில் பிள்ளைகளோடு பாயில் வந்து உட்கார்ந்தார். "அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள அடுத்தவன்கிட்ட போயிடுறீங்க" என்றார். அரை நாள் வெட்கமாக இருந்தது. அதன்பிறகு எதையும் மறைக்கத் தோன்றவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் 2019-ல் இந்தப் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் சரிவரக் கையாளப்படாததன் விளைவு என்றுதான் வகைப்படுத்தியது. ஆனால் நம் ஊரில் சோர்ந்த ஆசிரியருக்கு யோகா வகுப்பு நடத்துகிறோம்!

மாறுதலுக்குப் போகிறவர்கள் என்னிடம் பஸ் வசதி கேட்பார்கள். மதியம் அந்தப் பள்ளியில் டீச்சர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்று முதலில் விசாரிக்கச் சொல்கிறேன்.