நட்சத்திரத்தைக் கொடுத்து வாங்கிய இளம் பேஸ்பால் வீரர்கள் தேறுவார்களா என்று எப்படிக் கணிப்பது?

"நான் ஆதரிக்கும் அணி தன் பெரிய வீரரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பெயரே கேள்விப்படாத நாலு பையன்களை வாங்கியிருக்கிறது. அவர்கள் தேறுவார்களா என்று எதை வைத்துச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வயதைப் பாருங்கள். அந்த வயதில் பையன் எந்தப் படியில் ஆடுகிறான் என்று பாருங்கள். பேட்டிங் சராசரி, ஹோம் ரன் (வேலி தாண்டும் அடி) கணக்கு எல்லாம் அப்புறம். செய்தியில் யார் பெயர் முதலில் வந்தது என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும்.

நான் டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். டெக்சாஸ் ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ (உச்ச மட்டமான மேஜர் லீக்குக்கு இரண்டு படி கீழே) அணியான ரஃப்ரைடர்ஸ் 2003 முதல் இந்த ஊரில்தான் ஆடுகிறது. அதனால் ஒரு பெரிய ட்ரேடில் வந்த பையன்கள் வளர்வதைக் கிட்டத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் சொல்லப்போவதில் பாதி அங்கே கற்றது.

அந்த ட்ரேட் நடந்தது 2007 ஜூலை 31. ரேஞ்சர்ஸ் அந்த ஆண்டு தன் பிரிவில் கடைசி. பந்தை வெளுத்து அடிக்கும் அணியின் நட்சத்திரம் மார்க் டெஷேராமேல் அணிக்கிருந்த உரிமை 2008-ஓடு முடிகிறது. புது ஒப்பந்தம் படியவில்லை. அவரையும் ரான் மஹே என்ற பிட்சரையும் (பந்து போடுபவர்) அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கொடுத்து ஐந்து பேரை வாங்கினார்கள்: ஜராட் சால்டலமாக்கியா, எல்விஸ் ஆண்ட்ரூஸ், நெஃப்டலி ஃபெலிஸ், மேட் ஹாரிசன், போ ஜோன்ஸ். அன்று எல்லோரும் பேசியது சால்டலமாக்கியாவைப் பற்றித்தான். 22 வயது கேட்சர் (பிட்சர் போடும் பந்தைப் பிடிப்பவர்), ஏற்கெனவே மேஜர் லீக்கில் ஆடத் தொடங்கியவர். ஆண்ட்ரூஸுக்கு 18 வயது, ஃபெலிஸுக்கு 19. மற்ற பெயர்களை நானும் அன்றைக்கு வாசித்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

பேஸ்பாலுக்குப் புதியவர்களுக்காக ஒன்று. இது ஐபிஎல் ஏலம் மாதிரி கிடையாது. ஆளுக்கு ஆள் கொடுத்து வாங்குவதுதான் ட்ரேட். ஒரு இளைஞன் மேஜர் லீக்குக்கு வந்தபின் ஆறு ஆண்டு சேவை முடியும்வரை அணிக்கு அவன்மேல் உரிமை உண்டு. முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டித்தான். அதனால்தான் தோற்றுக்கொண்டிருக்கும் அணி, இன்னும் ஒன்றரை ஆண்டே கையில் இருக்கப்போகும் நட்சத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பையன்களைக் கேட்கிறது. அந்தப் பையன்கள் ரூக்கி லீக், லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என்று படியேறி வரவேண்டும். இந்த மைனர் லீக் அமைப்பை அமெரிக்காவில் பண்ணை என்றே சொல்கிறார்கள்.

பண்ணை என்ற சொல் எனக்குப் பிடிக்கும். நாற்றங்காலில் நாற்று முற்றிப்போனால், நட்ட பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் சரியாகத் தூர் கட்டாது என்பது நெல் விதைக்கிற எந்த வீட்டிலும் தெரியும். 25 வயதில் லோ-ஏ பையன்களை வெளுத்து வாங்கும் ஒருவனின் சராசரியைப் பார்த்து ஏமாறக்கூடாது. அவனுக்கு எதிரில் பந்து போடுபவன் 20 வயதுக்காரன்.

2008-ல் ஆண்ட்ரூஸ் ஃபிரிஸ்கோவுக்கு வந்தார். அப்போது 19 வயது. டபுள்-ஏயில் அவரைச் சுற்றி ஆடியவர்களில் பெரும்பாலோருக்கு 22-லிருந்து 25. நான் பார்த்த முதல் சில ஆட்டங்களில் ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் இடம்) பந்தைத் தவறவிட்டார், முதல் பேஸுக்குத் தாறுமாறாக எறிந்தார், ஹோம் ரன் அடிக்கும் பலமும் கண்ணில் படவில்லை. டெஷேராவைக் கொடுத்து வாங்கியது இதையா என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். என்னோடு வேலை பார்த்த திருச்சிக்கார அண்ணன் ஒருவர் பல வருடமாக பேஸ்பால் பார்ப்பவர். அவர்தான் கேட்டார்: "தம்பி, அவன் வயசு என்ன? இன்னிக்கு பந்து போடுறவன் வயசு என்ன? அதைப் பார்த்துட்டுப் பேசு." பார்த்தேன். பிட்சர் ஆண்ட்ரூஸைவிட ஐந்து வயது மூத்தவர். அன்றிலிருந்து என் கண் மாறியது.

தப்பான எறிதலை விட்டுவிட்டு, அதற்கு முன்னால் அவர் பந்திடம் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று பார்க்க ஆரம்பித்தேன். மற்ற ஷார்ட்ஸ்டாப்கள் தொடக்கூட முடியாத பந்துகளைத் தொட்டுத்தான் பாதிப் பிழைகளை வாங்கிக்கொண்டிருந்தார். கால் வேகம் அபாரம். அந்த ஆண்டு சராசரி .295 அடித்து 50-க்கும் மேற்பட்ட பேஸ்களைத் திருடினார் (பிட்சர் பந்து போடும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). அடுத்த ஆண்டே ட்ரிபிள்-ஏ படியைத் தாண்டி நேரே மேஜர் லீக். ரேஞ்சர்ஸ் அவருக்காக மைக்கேல் யங்கையே மூன்றாவது பேஸுக்கு நகர்த்தியது. ஆண்ட்ரூஸ் அங்கே 12 சீசன் ஆடினார்.

ஃபெலிஸும் அதே ஆண்டு பாதியில் ஃபிரிஸ்கோவுக்கு வந்தார். இந்த ஊர் மைதானத்தில் பிட்சர்கள் கை சூடேற்றும் புல்பென் பார்வையாளர் இருக்கைகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கலாம். ஃபெலிஸ் போட்ட பந்து கேட்சர் கையுறையில் விழும் சத்தம் மற்றவர்களின் சத்தம் மாதிரி இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அந்த வேகத்தை எந்தப் பயிற்சியாளரும் வெறும் பயிற்சியால் கொடுத்துவிட முடியாது. இரண்டாவது, மூன்றாவது வகைப் பந்துகளைக் கற்றுக்கொடுக்கலாம்.

ஆக, வயதுக்கு அடுத்து நான் பார்ப்பது இதை: எது கற்றுக்கொடுத்தால் வரும், எது வராது? ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காகத் திறமையைத் தேடிப் பார்ப்பவர்கள்) ஒவ்வொரு திறனுக்கும் 20-லிருந்து 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. பேட்டர்களுக்கு அடிக்கும் திறன், பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை என்று ஐந்து. எல்லாவற்றிலும் 50 வாங்கும் 24 வயதுக்காரனைவிட, ஒன்றிலோ இரண்டிலோ 70 வாங்கி மற்றவற்றில் தடுமாறும் 19 வயதுக்காரனைத்தான் நான் ட்ரேடில் கேட்பேன். முதலாமவனைப் போன்ற ஆள் சந்தையில் எப்போதும் கிடைப்பான்.

எண்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இரண்டு பழைய கதைகள். 1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ், டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயது பிட்சருக்காக ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. ஸ்மோல்ட்ஸுக்கு 20 வயது. டபுள்-ஏயில் 4 வெற்றி, 10 தோல்வி, ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்) 5.68. காகிதத்தில் பார்த்தால் யாரும் சீந்தமாட்டார்கள். அவர்தான் பிறகு 213 வெற்றி, 154 சேவ் (கடைசியில் வந்து அணியின் வெற்றியைக் காப்பாற்றுவது), 1996-ல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, 2015-ல் ஹால் ஆஃப் ஃபேம். ஆனால் டெட்ராய்ட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அலெக்சாண்டர் அங்கே போய் 9 ஆட்டம் வென்று ஒன்றுகூடத் தோற்கவில்லை. அணி பிரிவுப் பட்டம் வென்றது. கேட்டது கிடைத்தது.

1990 ஆகஸ்ட் கடைசியில் பாஸ்டன், லாரி ஆண்டர்சன் என்ற 37 வயது ரிலீவருக்காக (ஆட்டத்தின் நடுவில் வந்து பந்து போடும் பிட்சர்) ஜெஃப் பாக்வெல்லை ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. பாக்வெல் அந்த ஆண்டு டபுள்-ஏயில் .333 அடித்திருந்தார், ஆனால் ஹோம் ரன் நான்கே நான்கு. பலமில்லாத பையன் என்றுதான் தோன்றும். அவர் ஆடிய நியூ பிரிட்டன் மைதானத்தில் பந்தை வேலி தாண்ட வைப்பது கஷ்டம். அதோடு 30-க்கும் மேற்பட்ட டபுள்கள் (இரண்டாவது பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்திருந்தார்; நிறைய வாக் (நாலு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்கியிருந்தார். பந்தைச் சரியாகப் பொறுக்கும் கண்ணும், இடைவெளியில் அடிக்கும் கையும் 22 வயதில் இருந்தால், டபுள்களில் ஒரு பங்கு பின்னால் வேலியைத் தாண்டும். ஹூஸ்டனுக்காக 449 ஹோம் ரன் அடித்தார். அதனால் சராசரியைப் பார்க்கும்போது எந்த மைதானம், எந்த லீக் என்று கேளுங்கள். ஹோம் ரன்னைவிட வாக்கும் ஸ்ட்ரைக் அவுட்டும் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) எனக்கு அதிகம் சொல்கின்றன.

அடுத்த கேள்வி: சொந்த வீட்டுப் பிள்ளையை அந்த அணி ஏன் கொடுக்கிறது? பையனை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. இடம் இல்லாததால் கொடுத்தால் நல்லது. அட்லாண்டாவில் கேட்சராக பிரையன் மெக்கேன் இருந்தார், ஷார்ட்ஸ்டாப்பில் ரென்டெரியாவும் எஸ்கோபாரும் இருந்தார்கள். பாஸ்டனில் பாக்வெல்லின் மூன்றாவது பேஸில் வேட் பாக்ஸ் உட்கார்ந்திருந்தார். ரூல் 5 டிராஃப்டும் ஒரு காரணம். நான்கைந்து ஆண்டு மைனர் லீக்கில் இருந்தவனை மேஜர் லீக் அணியின் 40 பேர் பட்டியலில் சேர்க்காவிட்டால் வேறு அணி எடுத்துக்கொண்டு போகலாம் என்பதால், பட்டியலில் இடமில்லாத அணி கொடுத்துவிடும். இப்படி எந்தக் காரணமும் கண்ணுக்குத் தெரியாமல், தேவையான இடத்தில் ஆடும் பையனை ஒரு அணி சுலபமாகத் தூக்கிக் கொடுத்தால் நான் தோள், முழங்கைக் காயம் பற்றிய செய்திகளைத் தேடிப் படிப்பேன்.

இவ்வளவு பார்த்தும் தவறும். 2007 டிசம்பரில் ஃப்ளோரிடா மார்லின்ஸ் மிகெல் கப்ரேராவையும் டான்ட்ரெல் வில்லிஸையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து ஆறு பேரை வாங்கியது. அதில் கேமரன் மேபினும் ஆண்ட்ரூ மில்லரும் டிராஃப்டின் (அணிகள் வரிசையாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) முதல் பத்து இடத்துக்குள் எடுக்கப்பட்டவர்கள். வயது, வேகம், உயரம் எல்லாம் இருந்தது. மில்லருக்குப் பந்து கட்டுக்குள் வரவில்லை. வந்தபோது அவர் வேறு அணியில், ரிலீவராக இருந்தார். 2016-ல் கிளீவ்லாண்டுக்காக லீக் சாம்பியன்ஷிப் தொடரின் சிறந்த வீரர். உயரமான பிட்சர்களுக்குக் கட்டுப்பாடு தாமதமாகவே வரும். வாங்கிய அணிக்கு அதுவரை காத்திருக்க நேரம் இருப்பதில்லை. அதனால் முழுப் பட்டியலும் பிட்சர்களாக இருக்கும் ட்ரேடை எனக்குப் பிடிக்காது. எங்கள் ஹாரிசன் 2012-ல் 18 ஆட்டம் வென்று ஆல்-ஸ்டார் ஆனார். அடுத்த ஆண்டே முதுகு அறுவை சிகிச்சை, பிறகு பழையபடி வரவே இல்லை. ஃபெலிஸுக்கும் 2012-லேயே முழங்கை அறுவை சிகிச்சை நடந்தது.

இப்போது ரசிகர்களுக்கும் நல்ல கருவிகள் உண்டு. ட்ரிபிள்-ஏ ஆட்டங்களின் ஸ்டாட்காஸ்ட் (பந்தின் வேகத்தையும் பாதையையும் அளக்கும் அமைப்பு) எண்களை இணையத்திலேயே பார்க்கலாம். பந்து மட்டையிலிருந்து என்ன வேகத்தில் போகிறது (மணிக்கு 95 மைலுக்கு மேல் என்றால் பலமான அடி), ஸ்ட்ரைக் எல்லைக்குள் வரும் பந்தை எத்தனை முறை தவறவிடுகிறான், வெளியே போகும் பந்தை எவ்வளவு துரத்துகிறான் என்ற மூன்றையும் பாருங்கள். நான் அதிகம் கவலைப்படுவது எல்லைக்குள் தவறவிடுவதற்குத்தான். யோவான் மொன்காடா 2016 டிசம்பரில் கிறிஸ் சேலுக்காக பாஸ்டனிலிருந்து சிகாகோ வைட் சாக்ஸுக்குப் போனபோது, நாட்டிலேயே முதல் இடத்தில் மதிப்பிடப்பட்ட பையன்களில் ஒருவர். ஆனால் அந்த செப்டம்பரில் பாஸ்டனுக்கு ஆடிய 19 அட்-பேட்டில் (மட்டை பிடித்த முறை) 12 ஸ்ட்ரைக் அவுட். 2018-ல் 217. 2019-ல் .315 அடித்து அசத்தினார், ஆனால் அந்த உயரம் நிலைக்கவில்லை. 2022-ல் ஹுவான் சோட்டோவுக்காக சான் டியேகோ வாஷிங்டனுக்குக் கொடுத்த ஜேம்ஸ் வுட்டிடமும் இதே குறை உண்டு. அப்போது 19 வயது, லோ-ஏ. 2025-ல் 30-க்கும் மேல் ஹோம் ரன், கூடவே 200-க்கும் மேல் ஸ்ட்ரைக் அவுட். அவர் அடிக்கும் அடியின் வேகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அந்த ட்ரேடின் கணக்கை நான் இன்னும் மூடவில்லை.

கணக்கு மூட ஐந்தாறு ஆண்டாவது வேண்டும். ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் 2016 ஜூனில் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காக சிகாகோ வைட் சாக்ஸிலிருந்து சான் டியேகோவுக்குப் போனபோது 17 வயது. தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடியிருக்கவில்லை. எண்ணே இல்லாத பையனை எப்படி எடுத்தார்கள்? இரண்டு அணிகளின் பயிற்சி வளாகமும் அரிசோனாவில்தான். நேரில் போய்ப் பார்த்தவர்களின் கண்ணை நம்பினார்கள். சான் டியேகோவின் பொது மேலாளர் ஏ. ஜே. ப்ரெல்லர், 2007 ட்ரேடின்போது ரேஞ்சர்ஸ் ஸ்கவுட்டிங் பிரிவில் இருந்தவர். சோட்டோவுக்காக வுட்டைக் கொடுத்தவரும் அவரே.

எங்கள் ஐவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சால்டலமாக்கியா டெக்சாஸில் நிலைக்கவில்லை. பந்தைப் பிட்சருக்குத் திருப்பி எறிவதிலேயே சிக்கல் வந்து, 2010 ஜூலையில் பாஸ்டனுக்குப் போனார். அங்கே நிமிர்ந்து 2013-ல் உலகத் தொடர் (மேஜர் லீக்கின் இறுதித் தொடர்) வென்ற அணியில் இருந்தார் என்பதில் எனக்கு மனநிறைவு. போ ஜோன்ஸ் மேஜர் லீக் வரை வரவில்லை. ஃபெலிஸ் 2010-ல் 40 சேவ் எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். அந்த அக்டோபர் 22 இரவு ஆர்லிங்டனில் அலெக்ஸ் ரோட்ரிகஸை நின்ற இடத்திலேயே ஸ்ட்ரைக் அவுட் செய்து, ரேஞ்சர்ஸை முதல்முறை உலகத் தொடருக்குக் கொண்டுபோனார். ஷார்ட்ஸ்டாப்பில் நின்றவர் ஆண்ட்ரூஸ். தோற்ற யாங்கீஸ் அணியில்தான் அப்போது டெஷேராவும் இருந்தார். வீட்டில் தொலைக்காட்சி முன்னால் நின்றுகொண்டே பார்த்தேன். முதல் ஃபோன் திருச்சிக்கார அண்ணனுக்குத்தான்.

உங்கள் அணி வாங்கிய நால்வரின் பெயர், பிறந்த தேதி, இப்போது ஆடும் படி மூன்றையும் கீழே எழுதுங்கள். யாரை நான் முதலில் வைப்பேன், ஏன் என்று சொல்கிறேன்.