நோக்க வாசகம் ஒரு நிறுவனத்தை உண்மையில் வழிநடத்துமா?

நோக்கம், தொலைநோக்கு, விழுமியங்கள் என்று எழுதிச் சுவரில் மாட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அன்றாட முடிவுகள் அதிலிருந்து பிறக்க வேண்டும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களாலேயே அவர் கண் அறுவை சிகிச்சை செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பதுதான் அவர்கள் நோக்கம். ‘தலைசிறந்த மருத்துவமனை ஆவோம்’ என்ற வாசகத்தோடு இதை ஒப்பிடுங்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அரவிந்தின் நோக்கமே சொல்லிவிடுகிறது. நோயாளியால் வர முடியாதா? கிராமத்தில் முகாம் நடத்த வேண்டும். கையில் பணமில்லையா? கட்டணம் செலுத்துவோரால் வரும் வருமானம் அவருடைய சிகிச்சையைத் தாங்கும். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் இறக்குமதி விலையில் ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992இல் ஆரோலேப் என்ற உற்பத்திக்கூடத்தைத் தொடங்கித் தாங்களே தயாரித்தார்கள்.

விழுமியங்களுக்கு இன்னும் கடுமையான சோதனை உண்டு. அவற்றுக்காகக் கடந்த ஆண்டில் எந்த லாபகரமான வேலையை வேண்டாம் என்றீர்கள்? உங்கள் குழுவோடு அமர்ந்து முதலில் இதைப் பேசுங்கள். வாசகத்தைப் பிறகு எழுதலாம்.