தாத்தாவின் நிக்கார் லென்ஸ் புதிய கேமராவில் பொருந்துமா?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் நிக்கான் எஃப் கேமராவும் 50 மி.மீ. நிக்கார் லென்ஸும் கிடைத்தன. நிக்கானின் மவுண்ட் (கேமராவில் லென்ஸ் மாட்டும் அமைப்பு) 1959 முதல் மாறவில்லை என்கிறார்களே, அந்த லென்ஸை என் டி750 கேமராவில் பொருத்தலாமா?

பதில்: அவர்கள் சொன்னது பாதிதான் உண்மை, லென்ஸின் அபர்ச்சர் வளையத்தை (ஒளி புகும் திறப்பின் அளவை மாற்றும் வளையம்) பார்க்காமல் மாட்டிவிடாதீர்கள்.

1917-இல் நிப்பான் கோகாகு என்ற பெயரில் டோக்கியோவில் தொடங்கிய இந்நிறுவனம், 1932-இலேயே நிக்கார் என்ற லென்ஸ் பெயரைப் பதிவு செய்திருந்தும், தன் முதல் கேமராவை 1948-இல்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1950-இல் லைஃப் இதழின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், டோக்கியோவில் நிக்கார் லென்ஸைச் சோதித்து வியந்து, கொரியப் போரைப் படமெடுக்க அதையே கொண்டுபோனார். லென்ஸால் பெயர் பெற்ற நிறுவனம் என்பதால்தான், பழைய லென்ஸைக் கைவிடாமல் 1959-இன் எஃப் மவுண்டைப் பல பத்தாண்டுகள் காத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் 1977-இல் ஏஐ என்ற முறை வந்தது (இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை). வளையத்தில் வைத்த திறப்பு லென்ஸின் அதிகபட்சத் திறப்பிலிருந்து எவ்வளவு குறைவு என்பதைக் கேமராவுக்குத் தானாகவே தெரிவிப்பதற்காக அபர்ச்சர் வளையத்தின் பின்விளிம்பில் ஒரு பகுதியை வெட்டியமைத்து, கேமராவின் மவுண்டைச் சுற்றி அதில் பொருந்தும் சிறு நெம்பு ஒன்றை வைத்தார்கள். அதற்கு முந்தைய லென்ஸில் அந்த வெட்டு இல்லாததால், டி750-இல் மாட்டினால் விளிம்பு அந்த நெம்பை அழுத்தி வளைத்துவிடக்கூடும்.

வளையத்தில் அபர்ச்சர் எண்கள் ஒரே வரிசையில் இருந்து, மேலே உள்ள உலோகக் கொம்பில் துளைகள் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் பழைய வகை. மவுண்டை ஒட்டிச் சிறிய எண்களின் இரண்டாம் வரிசையும் இருந்தால் ஏஐ வகை. ஏஐ வகை என்றால் தயங்காமல் மாட்டி, மெனுவில் 50 மி.மீ. என்பதையும் அதிகபட்ச அபர்ச்சரையும் பதிந்துகொள்ளுங்கள். ஏ (அபர்ச்சரை மட்டும் நாம் தேர்வது), எம் (எல்லாவற்றையும் நாமே தேர்வது) நிலைகளில் ஒளியளவி வேலை செய்யும், ஃபோகஸ் மட்டும் கையால்தான்.

பழைய வகை என்றால், வளையத்தை அராவித் தரும் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். அல்லது அந்த நெம்பே இல்லாத டி5600 போன்ற பாடியில் ஒளியளவி இல்லாமல் பயன்படுத்தலாம். 2013-இல் வந்த டிஎஃப் மாடலில் நெம்பை மடக்கிவிட முடியும். எதற்கும் முன், லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். படர்ந்திருந்தால் அராவுவதற்குக் கொடுக்கும் கூலி வீண்.